ஹெராயின் அடிமை நோய்: சிகிச்சையும் மறுவாழ்வும்

ஹெராயின், அபினியில் உள்ள மார்ஃபினை வேதிமுறையில் மாற்றிச் செய்யும் போதைப்பொருள். 1874-இல் லண்டனில் வேதியியலாளர் ஆல்டர் ரைட் அதை முதன்முதலில் தயாரித்தார். 1898-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் அதை இருமல் மருந்தாகவே கடைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் கைமாறுவது பெரும்பாலும் கலப்படம் மிகுந்த 'பிரவுன் சுகர்'. மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 1.14 விழுக்காட்டினர் ஹெராயின் எடுக்கிறார்கள். அபினி வகைப் பொருள்களால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் ஏறக்குறைய 77 லட்சம் பேர். டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கமும் தமிழ்நாட்டில் பரவியிருக்கிறது. இவையும் மூளையில் ஹெராயின் வேலைசெய்யும் அதே இடத்தில்தான் வேலைசெய்கின்றன.

குடியும் ஹெராயினும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கிருமாம்பாக்கம் பகுதியில் போதை என்றால் முதலில் நினைவுக்கு வருவது குடிதான். சாராயக்கடையும் கள்ளுக்கடையும் உரிமம் பெற்று நடக்கும் யூனியன் பிரதேசம் இது. அதனால் ஒரு வீட்டுப் பிள்ளை ஹெராயினிலோ ஊசியிலோ சிக்கினாலும், குடிக்குச் சொல்லும் யோசனையையே சுற்றத்தார் சொல்வார்கள்: "ஒரு மாசம் எங்கயாவது கொண்டுபோய் வச்சா தெளிஞ்சிடுவான்." இந்த யோசனைதான் உயிரை எடுக்கிறது.

முற்றிய குடிநோயாளி திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து சாகக்கூடும். ஹெராயினில் நிலைமை தலைகீழ். கடைசியாக எடுத்து எட்டு, பன்னிரண்டு மணி நேரத்தில் கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியும், கொட்டாவி ஓயாது. இறகு பிடுங்கிய கோழித்தோல்போல் புல்லரிக்கும், எலும்புக்குள் வலிக்கும். பேதியாகும், தூக்கம் அறவே போய்விடும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். இந்த விலகல் வேதனை பார்க்கவே நெஞ்சு பதறவைக்கும் என்றாலும் இதனால் இறப்பவர்கள் மிகக் குறைவு. ஆபத்து வீடு திரும்பிய பிறகு வருகிறது. நிறுத்திய சில வாரங்களில் உடலின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். மனத்துக்கோ பழைய அளவுதான் நினைவிருக்கும். ஒருமுறை அந்த அளவை எடுத்தாலே மூச்சு நின்றுபோகும். மறுவாழ்வு இல்லத்திலிருந்தும் சிறையிலிருந்தும் வெளிவந்த முதல் வாரங்களில் சாவுகள் கூடுவது இதனால்தான். போதையை நிறுத்தி உடலைத் தெளியவைக்கும் 'நஞ்சு நீக்கம்' சிகிச்சையின் வாசற்படி மட்டுமே என்பதைக் குடும்பங்களுக்கு யாராவது தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

மருந்துகள்

1960களின் நடுவில் நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்ற மருத்துவத் தம்பதியர் மெத்தடோனை அன்றாட மருந்தாகக் கொடுத்துக் காட்டியதிலிருந்து நவீன சிகிச்சை தொடங்குகிறது. மெத்தடோனும் புப்ரினார்பினும் 2005-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தன. இந்தியாவில் அதிகம் தரப்படுவது புப்ரினார்பின். ஊசி வழியே எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்கும் நோக்கில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நடத்தும் மையங்களில் இது இலவசம்.

மருந்து கொடுக்கும் விதம் மிக எளிமையானது. செவிலியர் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் வைப்பார். ஐந்து பத்து நிமிடம் பேசாமல், எச்சில் விழுங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கரைந்ததைப் பார்த்த பின்பே அனுப்புவார்கள். முதல் வேளையை விலகல் வேதனை தொடங்கிய பிறகே தர வேண்டும். முந்திக் கொடுத்தால் அந்த வேதனையை மருந்தே கிளப்பிவிடும். குறைந்தது ஓராண்டாவது தொடர வேண்டும், பலருக்கு அதற்கும் மேல். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கேட்பவர்கள் உண்டு. சர்க்கரை நோயாளியின் இன்சுலினை யாரும் அப்படிக் கேட்பதில்லை. இந்த மருந்தில் இருப்பவர் வேலைக்குப் போகிறார், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார்.

நால்ட்ரெக்ஸோன் வேறு வகை. போதை ஏறாமல் அடைத்துவிடும். ஒரு வாரம் பத்து நாளாவது எதுவும் எடுக்காமல் இருந்தால்தான் தொடங்க முடியும். தினமும் கண்காணித்துக் கொடுக்க வீட்டில் ஆள் இருப்பவர்களுக்கே இது கைகொடுக்கும். அளவு மீறி மூச்சு அடங்கும்போது காப்பாற்றும் ஊசி நலாக்சோன். உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மறுவாழ்வு

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை தமிழ்நாட்டில் இத்துறைக்கு முன்னோடி. நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை வேண்டும் என்பதை நிலைநாட்டியது அது. 1980களின் இறுதியில் மஞ்சக்குடி என்ற கிராமத்துக்கே சென்று சிகிச்சை முகாமும் நடத்தியது. அத்தகைய முகாம்கள் பெரும்பாலும் குடிநோய்க்கானவை. ஆனாலும் ஊரே பொறுப்பெடுத்துக்கொள்ளும் அந்த முறை பாகூர் கிராமங்களுக்கும் பொருந்தும் என்றே தோன்றுகிறது.

இல்லங்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் போதையால் வரும் மனநலக் கோளாறுகளையும் உள்ளடக்கியது. சங்கிலியால் கட்டிவைப்பதை அது தடைசெய்கிறது. பதிவுச் சான்று உண்டா, மருத்துவர் வருகிறாரா, வெளியே வந்த பின் மருந்து தொடருமா என்று கேட்டுவிட்டே சேர்க்க வேண்டும். போலீசுக்குப் பயந்து ஒளிவது இன்னொரு தடை. குறைந்த அளவோடு பிடிபட்டவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. ஹெராயினுக்கு அந்த அளவு 5 கிராம்.

கிருமாம்பாக்கத்திலேயே ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரியும், பக்கத்துப் பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. போய்ப் பார்க்க வேண்டியது மனநலத் துறையை. கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்குப் போக நகரத்தில் பேருந்து மாற வேண்டும். தினமும் மருந்துக்காக இப்படி அலைந்தால் கூலிக்காரருக்கு அரை நாள் சம்பளம் போகும். 2020 ஊரடங்குக்குப் பின், உடல்நிலை சீரானவர்களுக்குச் சில நாள் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் பரவியிருப்பதால், அதை மருத்துவரிடம் முதல் நாளே கேட்டுவிடலாம். தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டுக்கும் கட்டணமில்லை.