புத்திர சுவிகாரம் (கிறிஸ்தவம்)

கிறிஸ்துவை விசுவாசிப்பவரைக் கடவுள் தம் பிள்ளையாகவும் வாரிசாகவும் ஏற்றுக்கொள்கிறார் என்னும் கிறிஸ்தவப் போதனை. இறையியல் நூல்களில் இதற்குக் கிடைத்த இடம் சிறியது. சபைகளில் இது கிளப்பிய சண்டைகள் பெரியவை. அவற்றில் பல, யார் யாருடன் ஒரே பந்தியில் உட்காருவது என்பதைப் பற்றியவை.

இதன் வேர் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. யாத்திராகமம் இஸ்ரவேலைக் கடவுளின் தலைப்பிள்ளை என்கிறது. அங்கே பிள்ளை என்பது ஒரு முழு இனம். மாற்கு சுவிசேஷத்தில் தாயும் சகோதரரும் வெளியே காத்திருப்பதாகச் சொல்லப்பட்டபோது, கடவுளின் சித்தத்தைச் செய்பவர்களே தமக்கு உறவினர் என்கிறார் இயேசு. குருதி உறவு இங்கே பின்னுக்குப் போகிறது.

போதனைக்குச் சட்ட வடிவம் தந்தவர் அப்போஸ்தலர் பவுல். கி.பி. 50களில் எழுதிய கலாத்தியர், ரோமர் நிருபங்களில் அவர் கையாளும் தத்தெடுப்பு, ரோம வாசகர்கள் அன்றாடம் அறிந்தது. ஆதரவற்ற குழந்தைக்குப் புகலிடம் தருவது அதன் நோக்கமல்ல. குலப்பெயரும் சொத்தும் வீட்டு வழிபாடும் அறுபடாமலிருக்க வளர்ந்த ஆண்களையே பெரும்பாலும் எடுத்தார்கள், கி.பி. 4இல் பேரரசர் அகஸ்டஸ் தத்தெடுத்தபோது டைபீரியஸுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கொள்ளி வைக்கப் பிள்ளை எடுத்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பவுலின் சபைகளில் அடிமைகளும் இருந்தார்கள். ரோமச் சட்டத்தின் முன் அடிமைக்குத் தகப்பன் கிடையாது, வாரிசுரிமையும் கிடையாது. அவர்களையும் சேர்த்துத்தான் 'வாரிசுகள்' என்றார் பவுல்.

இந்தப் போதனைக்கு முதல் சோதனை அந்தியோகியா நகரில் வந்தது. யூதரல்லாதாருடன் சாப்பிட்டுக்கொண்டிருந்த இயேசுவின் சீடர் பேதுரு, எருசலேமிலிருந்து யூத விசுவாசிகள் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்ததைக் கலாத்தியர் நிருபமே பதிவு செய்திருக்கிறது.

ஆதிக் கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் சகோதரர், சகோதரி என்றே அழைத்தார்கள். அதைக் கேட்ட புறமதத்தார் முறைகேடான உறவு என்று பழி சுமத்தியதை மினூசியஸ் பெலிக்ஸின் 'ஒக்டாவியஸ்' என்ற நூல் காட்டுகிறது. ஞானஸ்நானமே இந்தக் குடும்பத்தின் வாசல். ஆயர் அகஸ்டீனின் காலத்து ஆப்பிரிக்கத் திருச்சபையில், ஞானஸ்நானத்துக்குச் சில நாள் முன்புதான் 'பரமண்டல ஜெபம்' கற்றுத்தரப்பட்டது. அந்த ஜெபத்தில் வருவதுபோல் கடவுளைத் தகப்பன் என்று அழைப்பது பிள்ளைகளுக்கே உரியது என்று கருதினார்கள்.

8ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் தோலேதோ பேராயர் எலிபாந்துஸ், உர்ஹெல் ஆயர் பெலிக்ஸ் இருவரும், கிறிஸ்துவே மனித இயல்பில் தத்துப்பிள்ளை என்றார்கள். 794இல் பிராங்பர்ட் சங்கம் அதை மறுத்தது: தத்துப்பிள்ளைகள் விசுவாசிகள் மட்டுமே. சீர்திருத்தக் காலத்தில் கால்வின் விசுவாசிகளின் புத்திர சுவிகாரத்தை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தார். 1646இல் முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை இதற்குத் தனி அதிகாரமே ஒதுக்கியது. ஆனால் அது ஒரே பத்திதான்.

தமிழகத்தில் அந்தியோகியா வழக்கு மறுபடி நடந்தது, இம்முறை சாதியின் பெயரால். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனின் ஆலயத்தில் மேல்சாதியாரும் பறையரும் தனித்தனியே உட்கார்ந்தார்கள். மிஷனரிகள் நெடுங்காலம் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே கைவிடச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையில் எதிர்ப்பு மூண்டது. அங்கே சாதி வழக்கத்துக்காகப் பேனா பிடித்தவர்களில் பெரும்புலவர் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அவரைச் சாதி வெறியர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. அந்நியர் தங்கள் வழக்கங்களை ஏன் தீர்மானிக்க வேண்டும் என்ற கோபமும் அந்த எழுத்தில் உண்டு. ஆனால் பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்டவருக்கு அந்த வாதத்தால் எந்தப் பயனும் இல்லை.

கத்தோலிக்கர் நிலையும் வேறல்ல. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம் இரண்டு நீள்கூடங்கள் கொண்டது. வேளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று, பீடம் மட்டும் பொது. நடுச்சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டபோது வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாருடனும் கலந்து பழகிய அவர், 1752இல் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது, அவர் பெயரோடு சாதிப் பெயரான 'பிள்ளை' சேர்க்கப்படவில்லை. கோரிக்கைகளை ஏற்று வத்திக்கான் அதை முன்பே நீக்கியிருந்தது. ஆனால் கல்லறைத் தோட்டங்களைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருக்கும் பங்குகள் தமிழகத்தில் இன்னும் இருக்கின்றன.