பென்சிற் பையும் அதன் வாய்ப்பூட்டும்



பாடசாலை மாணாக்கரின் புத்தகப் பைக்குள்ளே இன்னொரு சிறு பை இருப்பதை யாவரும் கண்டிருப்பீர்கள். வெளியே பூப்போட்ட சீத்தைத் துணி. உள்ளே வேறொரு மெல்லிய துணி. வாயிலே, இழுத்தால் திறந்து, மீண்டும் இழுத்தால் மூடிக்கொள்ளும் பற்பூட்டு. இப்பூட்டை நாம் ‘சிப்’ என்று வழங்குகின்றோம். தையற்பொறியொன்றும் ஒரு மாலைப்பொழுதும் உள்ள வீட்டிலே எந்தத் தாயும் தைத்துவிடக்கூடிய பொருள் இது. இதற்கும் ஒரு வரலாறு உண்டோ என நீங்கள் நகைக்கக்கூடும். உண்டு, அது நாம் எண்ணுவதினும் நீண்டது, சில இடங்களில் துயரமும் உடையது.

எழுதுகோலுக்கு உறை என்பது எக்காலத்திலும் தேவைப்பட்ட ஒன்றன்று. நம் முன்னோர் கையாண்ட மடக்கெழுத்தாணியின் கூர்முனை அதன் பிடிக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும். பிடியே அதற்கு உறை. ஏட்டுச் சுவடியையோ ஒரு கயிறு கட்டிக் காத்தது. பின்வந்த கற்பலகைக் காலத்துப் பிள்ளை, பலகையோடு ஒரே ஒரு கற்குச்சியைக் கையிற்பிடித்துச் சென்றது. பென்சில் வந்த பின்னரே தொல்லை தொடங்கியது. அதன் முனை எளிதில் முறியும்; முறிந்தாற் சீவவேண்டும்; சீவுதற்கு ஒரு கருவி, அழித்தற்கு ஒரு றப்பர், கோடிழுப்பதற்கு ஓர் அடிமட்டம் என ஒரு சிறு குடும்பமே அதனுடன் சேர்ந்துகொண்டது.

பென்சிலின் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ஆங்கில நாட்டின் பரோடேல் பள்ளத்தாக்கிலே 16ஆம் நூற்றாண்டிற் கண்டெடுக்கப்பட்ட தூய காரீயமே முதற் பென்சில்களுக்கு உதவிற்று. 1795ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டவரான நிக்கொலா சாக் கொந்தே என்பவர், காரீயப் பொடியைக் களிமண்ணுடன் பிசைந்து சுட்டுப் பென்சிற் கரி ஆக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். 19ஆம் நூற்றாண்டிலே இலங்கைக் காரீயம் உலகச் சந்தையிற் பெயர்பெற்றது. அதிற் பெரும்பங்கு உலோகம் உருக்கும் மூசைகளுக்கே சென்றதாயினும், அமெரிக்கப் பென்சில்களுக்குள்ளும் ஒரு பங்கு புகுந்தது. போகலைச் சுரங்கத்தை அறிந்த நாம், அதன் கரி கடல்கடந்து சென்று கோலாகி வந்ததை அவ்வளவாக நினைப்பதில்லை.

இனிப் பைக்கு வருவோம். பையைத் தைப்பது எளிது. அதன் வாயை மூடுவதே அரிது. நம் பாட்டிமார் இடுப்பிற் செருகிய சுருக்குப்பை, வெற்றிலை பாக்குக்கும் சில்லறைக்கும் மிக ஏற்றது. பென்சிலுக்கோ அது பொருந்தாது. நீண்டு மெலிந்த பொருள் சுருக்கின் இடைவெளியால் நழுவிவிடும். பொத்தான் வைத்தால் இரு பொத்தான்களுக்கிடையே வழி திறந்திருக்கும். ஆகவேதான் நெடுங்காலம் மரப்பெட்டியும் தகரப்பெட்டியும் பென்சிலைக் காத்தன. துணிப்பை அவ்விடத்தைப் பிடிப்பதற்கு இரண்டு புனைவுகள் வேண்டியிருந்தன: ஒன்று தையற்பொறி, மற்றது பற்பூட்டு.

தையற்பொறியின் பிறப்பு அமைதியானதன்று. 1830இல் உரிமம் பெற்ற பார்த்தெலெமி திமோனியே என்னும் பிரெஞ்சுத் தையற்காரர், பாரிசு நகரிலே படைவீரர் சீருடை தைக்கும் தொழிற்கூடம் ஒன்றில் தம் பொறிகளை நிறுவினார். தம் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர் திரண்டு வந்து அவற்றை உடைத்தெறிந்தனர். திமோனியே 1857இல் வறியவராகவே இறந்தார். அமெரிக்காவில் வோல்ட்டர் ஹண்ட் என்பவர் 1830களிலே ஒரு பொறியை அமைத்தும் அதற்கு உரிமம் பெறவில்லை. ஊசியால் வாழும் ஏழைப் பெண்கள் வேலையிழப்பர் என அவர்தம் மகள் தடுத்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. செய்தி முழுவதும் மெய்யோ அன்றோ, அந்த அச்சம் மெய்யானது. 1846இல் எலியாஸ் ஹோவ் உரிமம் பெற்றார். 1851இல் ஐசாக் சிங்கர் பெற்றார். சிங்கரின் பொறி நூறு டொலருக்கு மேல் விலையுடையது. சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. 1856இலே தவணைமுறையில் அதனை விற்கத் தொடங்கியமையே பொறியை வீட்டுக்குள் கொண்டுவந்தது. அந்நிறுவனம் 1877ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஊசியை நம் பெண்களின் கல்விக்குள் கொணர்ந்தது பொறியன்று. 1824இல் அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் நிறுவிய மகளிர் விடுதிப் பாடசாலையிலே எழுத்தோடு தையலும் கற்பிக்கப்பட்டது.

ஹோவுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1851இலே, ஆடையின் இரு விளிம்புகளையும் தொடர்ச்சியாக இணைக்கும் பூட்டு ஒன்றுக்கும் அவர் உரிமம் பெற்றார். தையற்பொறி வழக்குகளிலும் வருமானத்திலும் மூழ்கியிருந்தமையாற்போலும், அதனை அப்படியே விட்டுவிட்டார். நாற்பதாண்டுகள் அக்கருத்து உறங்கியது.

அதனை வேறொரு வடிவில் எழுப்பியவர் விற்கொம் ஜட்சன் என்னும் அமெரிக்கர். 1893இல் அவர் உரிமம் பெற்ற பூட்டு சப்பாத்துக்கானது. கொக்கிகளும் வளையங்களும் வரிசையாக அமைய, ஒரு நகர்த்தி அவற்றை ஒவ்வொன்றாக மாட்டிச் செல்லும். அவ்வாண்டுச் சிக்காகோ உலகக் கண்காட்சியில் அதனைக் காட்சிக்கு வைத்தார். பார்த்தவர் பலர், வாங்கியவர் மிகச் சிலர். பின்னர் ஆடைகளுக்கென ஒரு வகையைச் செய்தனர். அது அணிந்தவர் குனியும்போது திறந்துகொண்டது! இரும்பாலானமையால் துருவேறியது, துவைக்குமுன் தையலைப் பிரித்து அதனை எடுத்துவிட்டு, உலர்ந்தபின் மீண்டும் தைக்கவேண்டும். எந்த இல்லத்தரசி இதற்கு இசைவாள்? ஜட்சன் 1909இல் இறந்தபோது அவர் கண்ட கனவு பயனற்ற விளையாட்டுப் பொருளாகவே இருந்தது.

அந்நிறுவனத்தில் 1906இல் வந்து சேர்ந்தவர் கிடியன் சண்ட்பாக் என்னும் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர். தொழிற்சாலை மேலாளரின் மகளையே அவர் மணந்துகொண்டார். 1911இலே மனைவி இறந்தாள். துயரத்தை மறக்க அவர் வேலைக்குள் புதைந்தார் என்பர். அவர் கண்ட உண்மை எளியது, கண்டபின்னரே எளியது. கொக்கியும் வளையமும் என இரு வேறு உறுப்புகள் இருக்கும்வரை பூட்டு உறுதிப்படாது. எல்லாப் பற்களும் ஒரே வடிவின. ஒவ்வொன்றிலும் மேலே ஒரு சிறு மேடு, கீழே ஒரு சிறு குழி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கரண்டிகளைப்போல ஒன்றின் மேடு மற்றதன் குழியில் அமர்ந்துவிடும். அங்குலத்துக்கு ஏறத்தாழ 4 ஆக இருந்த உறுப்புகளை அவர் 10 ஆக்கினார். இவ்வமைப்பை 1913இற் செய்தார்; உரிமம் 1917இற் கிடைத்தது. அத்துடன் நில்லாது, அத்தகைய பற்களை வெட்டி நாடாவிற் பொருத்தும் பொறியையும் அவரே அமைத்தார். என் கருத்தில் அவருடைய மெய்யான வெற்றி இப்பொறியே. நூறு பற்களைக் கையாற் செய்து பொருத்தும் ஒரு பூட்டு, அருங்காட்சியகத்துக்குரியதேயன்றிப் பள்ளிப் பிள்ளைக்குரியதன்று.

ஆனால் புதிய பூட்டு எங்கே முதலிற் பயன்பட்டது? உடுப்பில் அன்று, தையற்காரர் அதனை நம்பவில்லை. முதல் உலகப் போர்க் காலத்திலே மாலுமிகள் இடுப்பிற் கட்டிய பணப்பையில் அது இடம்பெற்றது. அடுத்துப் புகையிலைப் பையிற் பெருவழக்காயிற்று. பணமும் புகையிலையும் சிந்தக்கூடாதவை. அவற்றை வைத்திருப்போர் ஒரு கையாற் பையைத் திறக்க விரும்புவோர். 1923இலே குட்றிச் நிறுவனம் தன் றப்பர்க் காலணிகளில் இதனைப் பொருத்தி, இழுக்கும்போது எழும் ஒலியைக்கொண்டு ‘சிப்பர்’ எனப் பெயரிட்டது. காலணியின் பெயர் பூட்டின் பெயராயிற்று. உயர்குடி உடைகளில் அது நுழைந்தது 1930களிலேதான். ஆகவே, பென்சிற் பையை உடுப்பிலிருந்து கடன்வாங்கிய பொருளென்று கருதுவது பிழை. பூட்டின் முதல் வீடே பைதான்; நம் பிள்ளையின் பென்சிற் பை அந்த மாலுமியின் பணப்பைக்கு நேர் வாரிசு.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் உலோகப் பற்களுக்குப் பதிலாக நைலோன் சுருள் வந்தது. இதனால் வீட்டுத் தையல் பெரிதும் எளிதாயிற்று. உலோகப் பல்லிற் பட்ட ஊசி முறியும். நைலோன் சுருளைக் குறுக்கே தைக்கலாம், கத்தரிக்கோலால் வேண்டிய நீளத்துக்கு வெட்டலாம்.

ஹண்டின் மகள் அஞ்சியதாகச் சொல்லப்பட்ட அச்சத்துக்கு நம் நாடு ஒரு விசித்திரமான விடை தந்திருக்கிறது. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய பின்னர், இலட்சக்கணக்கான பெண்கள் தையற்பொறியாலேயே வாழ்க்கை நடத்தினர். பொறி வேலையை அழிக்கவில்லை; ஆனால் ஒருத்தி பகல் முழுவதும் சிப் மட்டுமே தைக்க, இன்னொருத்தி பொத்தான் துளை மட்டுமே தைக்கும் வேலையாக அதனை மாற்றிவிட்டது. முழுப் பொருளொன்றைத் தொடக்கம் முதல் முடிவுவரை தைப்பவள் வீட்டிலேதான் எஞ்சியிருக்கிறாள்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே பாடசாலைப் பொருள்கள் விலையேறியபோது, பழைய சாரத்திலும் மாமனின் காற்சட்டைத் துணியிலும் தைத்த பென்சிற் பைகள் வகுப்பறைகளில் மிகுந்தன. சில பிள்ளைகள் அவற்றை மேசைக்கு அடியில் மறைத்தே திறந்தனர். கடைப் பையை வைத்திருந்த பிள்ளைகளோ அதனை மேசைமேல் வைத்தனர். அந்தக் கடைப் பைகளுட் பலவற்றுக்கு உள்துணியே இல்லை என்பதையும், ஓராண்டுக்குள் அவற்றின் நூற்பிசிர் பூட்டிற் சிக்கி வாய் திறவாமற் போனதையும் ஆசிரியர்களாகிய நாம் கண்டோம்.

உள்துணியின் பயன் அதுவே. அதனை அலங்காரமெனக் கருதற்க. வெட்டிய துணியின் விளிம்பு பிசிர்விடும். பிசிர் நகர்த்திக்குள் புகுந்தாற் பூட்டு நிற்கும். உள்துணி அவ்விளிம்புகள் யாவற்றையும் இரு துணிகளுக்கும் நடுவே சிறைப்படுத்திவிடுகிறது. புதுப் பென்சில் ஏறத்தாழ 7½ அங்குல நீளமாதலால் 9 அங்குலச் சிப் போதும். வெளித்துணியின் நல்ல பக்கத்தின்மேல் சிப்பைக் குப்புற வைத்து, அதன்மேல் உள்துணியின் நல்ல பக்கம் கீழ்நோக்க வைத்து, மூன்றையும் ஒரே தையலிற் சேர்க்கவேண்டும். பொறியின் வழக்கமான அகன்ற பாதத்தை மாற்றி, ஒற்றைப் பக்கப் பாதத்தைப் பொருத்தினால் தையல் பற்களை ஒட்டிச் செல்லும். மறுபக்கமும் அவ்வாறே. பின்னர் வெளித்துணியை வெளித்துணியோடும், உள்துணியை உள்துணியோடும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று நோக்கச் சேர்த்துச் சுற்றித் தைக்கவேண்டும்; உள்துணியின் அடியில் மட்டும் 3 அங்குலம் தைக்காமல் விடவேண்டும். அதற்குமுன் சிப்பைப் பாதியளவு திறந்துவைக்க மறக்கலாகாது. மறந்தாற் பையைப் புரட்ட வழியின்றித் தையலைப் பிரிக்க நேரும். அந்த 3 அங்குல வாயிலூடாகப் பை முழுவதையும் வெளியே இழுத்து, மூலைகளை ஒரு பழைய பென்சிலின் மழுங்கிய முனையாற் குத்தி நிமிர்த்தி, எஞ்சிய வாயைக் கையூசியால் மூடி, உள்துணியை உள்ளே தள்ளிவிட்டால் வேலை முடிந்தது.