ஓமக்குளத்தில் ஒரு பள்ளிக்கூடம்



கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. நம் தாத்தாக்களுக்கு அது வெகுதூரமாக இருந்தது. வீராணம் பாசனத்தில் நெல் விளைந்த இந்த மண்ணில் அவர்கள் பண்ணையாட்களாக இருந்தார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆண்டையிடம் வாங்கிய கடன் அப்பன் தலையிலிருந்து மகன் தலைக்கு மாறும். ஏழெட்டு வயதில் பையன் மாடு மேய்க்கப் போவான். பள்ளிக்கூடம் திறந்திருந்தாலும் அவன் காலை நேரம் ஏற்கெனவே விற்கப்பட்டிருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகத்தைப் பார்க்க வேண்டும்.

1890இல் ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தார். பிழைப்புக்காகக் குடும்பம் கோலார் தங்கவயலுக்குப் போனது. பிறகு துறவு பூண்டு கரபாத்திர சுவாமிகளின் சீடராகி, குருவின் சொல்லை ஏற்றுச் சிதம்பரம் வந்தார். நந்தனார் தீயில் இறங்கியதாகச் சொல்லப்படும் ஓமக்குளம்தான் அவருடைய களமானது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். பெரியபுராணத்து நந்தனாருக்குக் கொடுமைக்கார ஆண்டை கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரத்தில்தான் அந்த ஆண்டையைக் கொண்டுவந்தார். வயலில் பாடுபட்டவர்களுக்கு அந்தப் பாத்திரத்தை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எந்த வடிவத்தில் சொன்னாலும் கதை நெருப்பில்தான் முடிகிறது. சகஜானந்தர் அதே பெயரை எடுத்து, அதே இடத்தில், நம் பிள்ளைகள் உயிரோடு உட்கார்ந்து படிக்க ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். அவர் நிகழ்த்திய மிகப் பெரிய வாதம் இதுதான் என்று நாங்கள் கருதுகிறோம்.

அவருடைய சைவப் பற்று நம்மில் பலருக்கு உடன்பாடில்லை. எங்களுக்கும் சங்கடம் உண்டு. கோயில் கதவைச் சாத்தியவர்களின் கடவுளையே பிள்ளைகளுக்கு ஏன் சொல்லிக் கொடுத்தார் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் பள்ளியோடு விடுதி வேண்டும் என்று புரிந்துகொண்டவர் அவர். சோறும் படுக்க இடமும் கொடுக்காமல் பண்ணையிலிருந்து ஒரு பையனை மீட்க முடியாது. சென்னையில் ஆல்காட் 1894இல் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். 1919க்குப் பிறகு அரசின் தொழிலாளர் துறையும் தனிப் பள்ளிகளைத் திறந்தது. அவையெல்லாம் தேவைப்பட்டவையே. ஆனால் பகலில் படித்துவிட்டு இரவில் அதே கடன்கார வீட்டுக்குத் திரும்பும் பையனை எத்தனை நாள் பள்ளியில் தக்கவைக்க முடியும்?

1926 முதல் சட்டமன்றத்திலும் இருந்தார். துறவி உடையோடு போய் உதவித்தொகை, விடுதி, நிலம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். 1959 மே 1 அன்று மறையும்வரை அவர் பிடி தளரவில்லை. அதே ஊரில் 1920இல் மீனாட்சி கல்லூரியும் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் வந்தன. பல்கலைக்கழகத்தைக் கட்டியவரைத் தமிழ்நாடு முழுவதும் தெரியும். அதன் வாசல்வரை சேரிப் பையன்கள் நடந்துபோக வழி போட்டவரை இந்த மாவட்டத்துக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்றைய நிலைக்கு வருவோம். நந்தனார் பெயரிலான ஆண்கள், பெண்கள் பள்ளிகள் இன்று அரசுப் பள்ளிகளாக நடக்கின்றன. பட்டியல் சாதி மாணவருக்கான மத்திய அரசின் மேற்படிப்பு உதவித்தொகை 1944இலேயே தொடங்கியது. சட்டமும் திட்டமும் இருக்கின்றன. ஆனாலும் பத்தாம் வகுப்பு முடித்த பையன் சென்ட்ரிங் வேலைக்குச் சென்னை பஸ் ஏறுகிறான். நாங்கள் மாலைப் படிப்பு நடத்தும் தெருவில் ஒரு பையன் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கினான். கல்லூரியில் இடமும் கிடைத்தது. உதவித்தொகை வரும்வரை காத்திருக்க முடியாது, முதலில் பணத்தைக் கட்டு என்றார்கள். அவன் அம்மா காதில் கிடந்ததைக் கழற்றினார். அதுவும் போதவில்லை. நாங்கள் நாலு பேர் சேர்ந்து கட்டினோம். பணம் கட்டியதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தது எங்கள் தவறு. இரண்டாம் மாதமே அவன் கல்லூரிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். ஆங்கிலத்தில் நடத்துவது புரியவில்லை என்று சொல்ல அவனுக்கு அங்கே ஆளில்லை. எங்களிடம் சொல்ல வெட்கம்.

சகஜானந்தர் பிள்ளைகளோடு அங்கேயே வாழ்ந்தார். நாங்கள் வாரத்துக்கு ஒருநாள் போய்க்கொண்டிருந்தோம்.

அடுத்த ஆண்டிலிருந்து முறையை மாற்றினோம். கல்லூரிக்குப் போகும் ஒவ்வொரு பையனுக்கும் அதே கல்லூரியில் முன்பே படித்த ஓர் அண்ணனைத் துணைக்கு விட்டோம். சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு எல்லாவற்றுக்கும் அந்த அண்ணன்தான் கூடப் போவான். முதல் செமஸ்டர் முடியும்வரை தினமும் ஒரு போன். கல்லூரியை விட்ட அந்தப் பையனும் மறு வருஷம் வேறு கல்லூரியில் சேர்ந்தான். இப்போது அவனே இரண்டு தம்பிகளுக்கு அண்ணன். இந்தக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டவர்களில் அவனும் ஒருவன்.