முந்திரிகை ரசமும் ஒரு கோப்பையும்

அச்சுவேலியிலிருந்து வசாவிளான் பக்கமாகப் போகும்போது மண் சிவக்கத் தொடங்கும். வெங்காயப் பாத்தி, வாழை, புகையிலை, நடுவில் கிணறு. அந்தச் செம்மண் நிலத்தில்தான் தோலகட்டி இருக்கிறது. கனடாவிலிருந்து வந்திருந்த என் தங்கையின் மகளைப் போன பங்குனியில் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். கன்னியர் மடத்து விற்பனை அறையில் நெல்லி ரசமும் முந்திரிகைச் சாறும் 'ரொசெற்றோ' வைனும் போத்தல் போத்தலாக அடுக்கியிருந்தன. வெள்ளை உடுப்புப் போட்ட அம்மா ஒருவர் சின்னக் கிளாசில் கொஞ்சம் ஊற்றித் தந்தார்.

"மாமா, இதுக்குள்ள கராம்பு போட்டிருக்கினம்!" என்றாள் பிள்ளை.

கராம்பும் கறுவாவும்தான் முதலில் நாக்கில் படும். பிறகு இனிப்பு. விழுங்கியதன் பிறகு, தொண்டையின் அடியில், பழத்தோலின் துவர்ப்பு ஒன்று மெதுவாக எழும்பும். அந்தத் துவர்ப்பு எனக்குத் தெரிந்தது. நீர்வேலியில் என் தகப்பனார் வைத்திருந்த பந்தலின் கீழ் நின்று, பழுக்க முதலே களவாகப் பிடுங்கித் தின்ற காயின் துவர்ப்பு அது.

எங்கள் ஊரில் முந்திரிகை என்றால் கொடியில் காய்க்கும் பழம். தமிழ்நாட்டார் முந்திரி என்பதை நாங்கள் மரமுந்திரிகை அல்லது கஜு என்போம். கொடிக்கு இத்தனை பழகிய பெயர் இருந்தும், அதன் ரசத்தோடு புழங்கும் சாமான்களின் பெயர்கள் எல்லாம் கடல் கடந்து வந்தவை. பீப்பா போர்த்துக்கேயச் சொல். கோப்பையும் அப்படித்தான். கள்ளு விற்கும் தவறணையும், புளித்த கள்ளில் எடுக்கும் வினாகிரியும் அவர்கள் விட்டுப்போன சொற்களே. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து, 1658இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்தார்கள். நாற்பது வருடத்துக்கும் குறைந்த ஆட்சி. ஆனாலும் நாங்கள் இன்றைக்கும் தேநீர் குடிப்பது அவர்கள் தந்த கோப்பையில்தான்.

கொடியைக் காய்க்கப் பண்ணியது இன்னொரு கதை. முந்திரிகை குளிர்நாட்டுப் பயிர். அங்கே குளிர் வந்தால் இலை கொட்டி உறங்கும். வெயில் திரும்பினால் பூக்கும். எங்களுக்குக் குளிர்காலம் ஏது? விட்டுவிட்டால் கொடி வருடம் முழுக்க இலையாகவே ஓடும். பிரித்தானியர் காலத்தில் வடமாகாண அரசாங்க அதிபராகப் பல்லாண்டு இருந்த டைக் துரை இதற்கு ஒரு வழி செய்தார். வேரைச் சுற்றி மண்ணை அகற்றி, வேரை வெயிலில் காயவிட்டு, கொடியை உறங்க வைத்தார். எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இந்த முறையைக் குறித்திருக்கிறார்.

அப்பாவுக்கு டைக் துரையைத் தெரியாது. ஆனால் 'இஸ்ரேல் புளூ' கன்று வாங்கி நட்ட நாள் தொட்டு அவர் செய்ததும் அதே வேலையின் இன்னொரு வடிவம்தான். இறைப்பை நிறுத்துவார். கொடி வாடி வரும்போது கொப்புகளை மட்டாக வெட்டி, மிச்சம் இருக்கும் இலையையும் கையால் உருவி விடுவார். பந்தல் முழுக்க வெறும் தடி. அம்மா பார்த்துவிட்டு, "பட்டுப்போன மாதிரிக் கிடக்கு" என்பா. பிறகு மாட்டெருவும் குழையும் தாழ்த்து, மெசினை இழுத்துத் தண்ணீர் விடுவார். ஒரு கிழமைக்குள் தடியில் மொட்டு உப்பும். ஏறக்குறைய நாலு மாதத்தில் கருநீலக் குலைகள் தொங்கும். அணிலுக்கும் வௌவாலுக்கும் பயந்து பழைய மீன்வலையைப் பந்தலுக்கு மேலே விரித்துவிட்டு, இரவில் லாம்போடு காவல் இருப்பார். கோப்பாய், உரும்பிராய், நீர்வேலி, சுன்னாகம், தெல்லிப்பழை என்று செம்மண் கிடந்த இடமெல்லாம் இந்தக் காவல் நடந்தது.

பழுத்த முந்திரிகைக்குப் பொறுமை கிடையாது. இரண்டு மூன்று நாளில் சந்தைக்குப் போகாவிட்டால் குலையோடு அழுகும். சுன்னாகச் சந்தையில் விலை விழுந்த நாளில் அப்பா மிச்சப் பழத்தைப் பக்கத்து வளவுக் கத்தோலிக்க வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். அந்த வீட்டு அன்ரி நத்தாருக்கு வைன் போடுவா. பழத்தைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, பெரிய சீனச்சாடியில் போட்டுக் கையால் நசிப்பா. சீனி, கொஞ்சம் ஈஸ்ட், கறுவாப் பட்டை, நாலைந்து கராம்பு. வாயை வெள்ளைத் துணியால் கட்டி, குசினி மூலையில் இருட்டில் வைப்பா. மூன்றாம் நாள் காதை வைத்தால் சாடிக்குள் மழை பெய்வது போலச் சத்தம் கேட்கும். ஒவ்வொரு நாளும் மரக்கரண்டியால் கிண்டி, மேலே மிதக்கும் தோலை உள்ளே அமத்த வேண்டும். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. சத்தம் அடங்கிய பிறகு வடித்து, தெளிய விட்டு, போத்தலில் அடைப்பா. அழுகப்போன பழம் நத்தார் வரைக்கும், சிலவேளை அடுத்த நத்தார் வரைக்கும் இருந்தது.

தோலகட்டியின் கதை 1928இல் தொடங்குகிறது. அமலமரித் தியாகிகள் சபைக் குருவான தோமஸ் அடிகள் அந்த வருடம் அங்கே செபமாலைத் தாசர் சபையைத் தொடக்கினார். இரண்டு வருடங்களுக்கு முன் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர், மறைபரப்பு நாடுகளிலும் தியான மடங்கள் எழவேண்டும் என்று எழுதியிருந்தார். மேல்நாட்டு மடத்தை அப்படியே கொண்டுவந்து வைக்காமல், மச்சம் மாமிசம் இல்லாத உணவு, மௌனம், தவம், கைத்தொழில் என்று இந்த மண்ணின் துறவிகளுக்குப் பொருந்திய வாழ்வை அடிகள் வகுத்தார். 1964இல் அவர் காலமானார். கன்னியருக்கும் ஒரு சபை உருவாகி, செபமும் உழைப்பும் சேர்ந்த அந்த ஒழுங்கிலிருந்துதான் நெல்லி ரசமும் வைனும் குடாநாட்டு வீடுகளுக்கு வந்தன. சைவ வீடுகளிலும் விருந்தாளிக்குக் கரைத்துக் கொடுக்கத் தோலகட்டி நெல்லி ரசம் இருக்கும்.

கத்தோலிக்கப் பூசையில் வைக்கிற ரசத்துக்குச் சட்டம் கடுமையானது. கொடியின் பழத்திலிருந்து வந்த இயற்கையான, கெட்டுப்போகாத ரசமாக அது இருக்கவேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் பிரிவு. கராம்பு போட்டது வீட்டு மேசைக்கு. பீடத்துக்குப் போவது வேறு எதுவும் கலவாத ரசம். அந்தப் பீடத்துக் கோப்பையைத்தான் நான் அன்றைக்குத் தோலகட்டியில் நினைத்துக்கொண்டு நின்றேன். இன்னொரு கோப்பையும் கூடவே நினைவுக்கு வந்தது.

எங்கள் வளவில் இருபத்திரண்டு பனை நின்றது. அவற்றைச் சீவ ஒருவர் வருவார். காலில் தளநார், இடுப்பில் பாளைக் கத்தி. காலையும் பின்னேரமும் ஏறி, பாளையை மெல்லிசாகச் சீவி, முட்டியைக் கட்டிவிட்டு இறங்குவார். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் இனிப்பான கருப்பணி, பூசாவிட்டால் கள். சுண்ணாம்பு எவ்வளவு பூசுவது, பாளை எந்தப் பதத்தில் நீர் விடும் என்பதெல்லாம் அவருடைய விரலுக்குத் தெரியும். அப்பா முந்திரிகைக் கொடியை அறிந்த அளவுக்கு அவர் பனையை அறிந்திருந்தார். வைனைச் செய்கிற அதே நொதிப்புத்தான் கள்ளையும் செய்கிறது. கள்ளில் அது மரத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதுதான் வேறுபாடு. ஆனால் அவர் தண்ணீர் கேட்டால் என் ஆச்சி கோடிப்புறத்தில் சிரட்டையில் ஊற்றுவா. வீட்டுக் கோப்பை அவருக்குக் கிடையாது.

தேநீர்க்கடைகளிலும் அப்போது அதே நிலைதான். சமமான கோப்பைக்கும் கோயில் வாசலுக்கும் அறுபதுகளில் மனிதர் அடிபட்டும் உயிர்விட்டும் போராடினார்கள். 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் போனது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் போராட்டம் நடந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டில் அதைப்பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எழுபதுகளில் சீவல் தொழிலாளருக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன; 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது; வடமராட்சியில் திக்கம் வடிசாலை எழுந்தது. தொழிலுக்குக் கணக்கும் கட்டடமும் கிடைத்தன. மரியாதை அதே வேகத்தில் வரவில்லை.

1995 ஒக்டோபர் கடைசியில் போருக்குப் பயந்து வலிகாமமே எழுந்து நடந்தது. நாங்களும் நடந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது பந்தல் சரிந்து கிடந்தது. ஆறு மாதம் இறைப்பு இல்லாமல் கொடி அடியோடு காய்ந்துவிட்டது. அப்பா வேரைத் தோண்டிப் பார்த்தார், உயிர் இல்லை. பனைகளில் பதினெட்டு நின்றன. அந்த வருடம் எங்கள் வளவில் வருமானம் தந்தது பனையும், அதில் ஏறிய அந்த மனிதரும்தான்.

தோலகட்டியிலிருந்து இரண்டு போத்தல் வாங்கி வந்தோம். பின்னேரம் அந்த மனிதருடைய மகன் பனை சீவ வந்தார். இப்போது அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இறங்கிக் கை கழுவியதும், "அண்ணை, உள்ள வாங்கோ" என்று விறாந்தை தாண்டிச் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டேன். மருமகள் அலுமாரியிலிருந்து நல்ல கோப்பைகளை எடுத்து வைத்தாள். நான் ஊற்றினேன். அவர் முதலில் மணந்து பார்த்தார்.

"எத்தினை நாள் வைச்சது இது?"

"மாதக் கணக்கில எண்டு நினைக்கிறன், அண்ணை."

"எங்கட சாமான் நாளைக்கு விடியப் புளிச்சிடும்," என்றவர், ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆனா அடியில ஒரு துவர்ப்பு இருக்கு. பழத்தோல் போல. நல்லாச் செய்திருக்கினம்" என்றார்.

கராம்பைத் தாண்டி அந்தத் துவர்ப்பை நாக்கில் பிடித்தது, என்னைத் தவிர, நானறிய, அவர்தான். பிறகு வெளியே போய் முட்டியைக் கொண்டு வந்து, கழுவி வைத்த அதே கோப்பைகளில் எங்கள் மூவருக்கும் கருப்பணி ஊற்றினார்.