கிளெரிக்கும் கிளார்க்கும்

ஆங்கிலத்தில் ‘கிளெரிக்’ என்பார் சமயகுரு. ‘கிளார்க்’ என்பார் நம்மில் பலரைப் போலக் கோப்பு எழுதுபவர். இரண்டும் ‘கிளெரிகஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. இடைக்கால இங்கிலாந்தில் எழுத்தறிந்தோர் பெரும்பாலும் குருமாரே. ஆதலின் குருவைக் குறித்த சொல் எழுதுவோனையும் குறிக்கலாயிற்று.

குருமாரை அரச மன்றம் தூக்கிலிடுவதில்லை. நாளடைவில், வாசிக்கத் தெரிந்த பிறரும் அச்சலுகையைக் கோரினர். கொடிய குற்றங்கள் சில நீங்கலாக, விவிலியத்தில் ஓரிடத்தை வாசித்துக் காட்டினால் உயிர் பிழைக்கும்! நாடகாசிரியர் பென் ஜான்சன், நடிகர் ஒருவரை வாட்போரில் கொன்ற வழக்கில் 1598இல் இவ்வாறே தப்பினார். கட்டை விரலில் சூடு விழுந்தது. எழுத்தறியா ஏழைக்கோ தூக்குக் கயிறு. இதனை நீதியென்று கூற மனம் ஒப்பவில்லை. 1706ஆம் ஆண்டுச் சட்டம் வாசிப்புச் சோதனையை நீக்கிய பின்னரே அவனுக்கும் அவ்வழி திறந்தது. 1827இல் சலுகையே ஒழிந்தது.