கல் பாவிய முற்றம் (விழுப்புரம் வட்டாரம்)

கல் பாவிய முற்றம் என்பது பழைய ஓட்டு வீடுகளின் நடுமுற்றத்திலோ வாசற்புறத்திலோ இயற்கைக் கற்பாளங்களைப் பதித்து அமைக்கப்படும் தரையாகும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே தொடர்வண்டிப் பாதையில் அமைந்துள்ள முண்டியம்பாக்கம் போன்ற ஊர்களுக்குக் கல் அயலான பொருள் அன்று. செஞ்சி, மயிலம், பனமலை எனச் சுற்றிலும் குன்றுகள் உள்ளன.

பாறை வளம்

இம்மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் கருங்கல் எனப் பொதுவாக அழைக்கப்படும் கடினப் பாறைகள் மிகுதி. அவற்றுள் ஒன்று சார்னோக்கைட்டு. கொல்கத்தாவில் உள்ள யோப் சார்னோக்கின் கல்லறைக்குச் சென்னைப் பகுதியிலிருந்து கொண்டு செல்லப்பட்ட கல்லை ஆராய்ந்த தாமசு ஆலந்து, 1893இல் இப்பாறைக்கு அவர் பெயரையே சூட்டினார். கிழக்கே திருவக்கரைப் பக்கம் மணற்கல் காணப்படுகிறது. அங்குள்ள கல்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையானவை. ஆகவே மிதிபடும் தரைக்கு மேற்குப் பகுதியின் கருங்கல்லே ஏற்றது.

கோயிலிலிருந்து வீட்டுக்கு

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மண்டகப்பட்டில், 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவரைக் கோயில் ஒன்றை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி அது எடுக்கப்பட்டதாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. அதுவரை கட்டடங்கள் இப்பொருள்களால் ஆனவை என்பதும் இதனால் விளங்கும். வீடுகள் அதன் பின்னரும் மண், செங்கல், மரம் ஆகியவற்றாலேயே கட்டப்பட்டன. வீட்டில் கல்லுக்குக் கிடைத்த இடம் குறைவு: வாசற்படி, திண்ணை விளிம்பு, முற்றத் தரை. மழையும் மிதியும் அதிகம் படும் இடங்கள் இவையே.

கல் உடைத்தலும் பதித்தலும்

பாறையில் உளியால் வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடித்தால் அவ்வரிசையிலேயே பாறை பிளக்கும். பாறையின் மேல் தீ மூட்டிச் சூடேற்றி, மேலடுக்கை மட்டும் பாளமாகப் பெயர்த்தெடுக்கும் முறையும் தென்னிந்தியாவில் இருந்தது. சூட்டில் மேலடுக்கு விரிந்து அடிப்பாறையை விட்டு விலகுவதே இதன் அடிப்படை.

பதிக்கும்போது முதலில் மண்ணை இறுக்கி, அதன்மேல் மணல் பரப்புவர். பாளங்களை அமர்த்தி, நீர் ஒரு மூலையிலுள்ள தூம்பை நோக்கி ஓடுமாறு கொத்தனார் வாட்டம் கொடுப்பார். இடுக்குகளில் மணலோ சுண்ணாம்புச் சாந்தோ நிரப்பப்படும். மணல் நிரப்பிய இடுக்கின் வழியே மழைநீரின் ஒரு பகுதி நிலத்துக்குள் இறங்கும். பாளம் ஒன்று உள்வாங்கினால் அதை மட்டும் பெயர்த்து, மணலிட்டு மீண்டும் பதித்துவிடலாம்.

மிதித்தவர்களும் உடைத்தவர்களும்

முற்றம் நெல் உலர்த்தவும், வற்றல் போடவும், திருமணச் சடங்குகள் நடத்தவும் பயன்பட்டது. திண்ணையில் வழிப்போக்கர் தங்கினர். திண்ணைப் பள்ளிக்கூடங்களும் நடந்தன. ஆயினும் திண்ணை எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. யார் தெருவில் நிற்பது, யார் திண்ணையில் அமர்வது, யார் முற்றம்வரை வருவது என்பதைச் சாதி முடிவு செய்தது. கல்லை உடைத்தவர் வீட்டில் பெரும்பாலும் மண் தரையே இருந்தது. கல் குவாரிகளில் முன்பணக் கடனால் குடும்பங்கள் கட்டுண்டு கிடந்த நிலையைக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் (1976) குற்றமாக்கியது. அரியானாவின் கல் குவாரித் தொழிலாளர் பற்றிய வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அவர்களை மீட்டு மறுவாழ்வு அளிப்பது அரசின் கடமை என வலியுறுத்தியது. கல்லை உடைப்போரின் நுரையீரலைக் கல்தூசு பாதிப்பது இன்றும் தீராத சிக்கலாகும்.

சிமெண்டின் வரவு

மதுக்கரையில் 1934இலும் டால்மியாபுரத்தில் 1939இலும் ஆலைகள் ஏற்பட்டபின் தமிழகத்தில் சிமெண்டு எளிதில் கிடைத்தது. முற்றங்கள் படிப்படியாகச் சிமெண்டுத் தளமாயின. பல வீடுகளில் மேலே கூரையும் போடப்பட்டது. பெருக்கவும் கழுவவும் இது எளிது. ஆனால் முற்றத்தில் விழும் நீர் நிலத்துள் இறங்க வழியில்லாமல் தெருவுக்குச் சென்றது. 2003இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, அந்நீரை மண்ணுக்குள் இறக்கத் தனியே குழி தோண்ட வேண்டியதாயிற்று.

மீட்டமைப்பு

முண்டியம்பாக்கத்திலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரியில், வைசியாள் தெருவின் தமிழ் வீடுகள் திண்ணையும் தாழ்வாரமுமாக மீட்டமைக்கப்பட்டன. இப்பணி 2008இல் யுனெசுகோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது பெற்றது. பழைய முற்றத்தைப் புதுப்பிப்போர், பாளங்களைப் பெயர்க்கும் முன் ஒவ்வொன்றுக்கும் சுண்ணக்கட்டியால் எண் இட்டு, அதே வரிசையில் திரும்பப் பதிப்பது நல்லது. வாட்டம் பெரிதும் மாறாது. புதிய கல்லும் மிகுதியாகத் தேவைப்படாது. சிமெண்டால் இடுக்குகளை அடைக்காமல் விட்டால், முற்றத்தில் பெய்யும் மழை முன்போலவே அவ்வீட்டுக் கிணற்றடி மண்ணைச் சேரும்.