ஆறு மணி நேரமும் 1,400 கோடி ஆண்டும்

"கதிரியக்க வேலையா? வேணாம்பா!" என்று ஈப்போ வட்டாரத்துப் பெற்றோர் சொன்னால் சிரிக்காதீங்க. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982இல் ஏசியன் ரேர் எர்த் ஆலை தொடங்கியது. ஈயச் சுரங்கங்களில் மிஞ்சிய மோனசைட்டைப் பதப்படுத்தியதில், தோரியம் கலந்த கழிவு சேர்ந்தது. 1985இல் மக்கள் வழக்குத் தொடுத்தனர். ஆலையை மூடும்படி ஈப்போ உயர் நீதிமன்றம் 1992 ஜூலை 11இல் தீர்ப்பளித்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது.

அதே 1982இல், ஜூன் 28ஆம் நாள், பாங்கியில் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் ஐசோடோப்பு தயாரிப்புக்குமான அணு உலை இயங்கத் தொடங்கியது. கதிரியக்கம் நோயறியவும் உதவுகிறது. அணு மருத்துவத்தில் அதிகம் பயன்படும் டெக்னீசியம்-99எம், 6 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். தோரியம் பாதியாகவோ சுமார் 1,400 கோடி ஆண்டு ஆகும்!

அணு மருத்துவத் தொழில்நுட்பர் கதிரியக்க மருந்தை அளந்து தயாரிப்பார். காமா கேமராவில் படமெடுப்பார். கழிவு அடங்கும்வரை காப்பார். நேரம், தூரம், தடுப்பு ஆகிய மூன்றும் அவரது பயிற்சியின் அரிச்சுவடி.

தோட்டத்து டிரஸ்ஸரிடம் மருந்து வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளே, இயற்பியலையும் உயிரியலையும் விட்டுடாதீங்க. புக்கிட் மேரா மக்கள் கேட்டதும் இந்தப் பாதுகாப்பைத்தானே? அதைச் செய்யத் தெரிந்தவர்கள் நம் ஊரிலிருந்தும் வரட்டும்.